பிரஷர் அளவுகளின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்

வேலூர் பக்கத்துக் கிராமங்களில் ரத்த அழுத்தம் அளந்து ஆய்வேடு எழுதும் நர்சிங் மாணவிகளுக்கு ஒரு குறிப்பு. சராசரி, திட்டவிலக்கம் என்று இறங்குவதற்கு முன், சிஸ்டாலிக் (மேல் எண்) அளவுகளின் கடைசி இலக்கத்தை மட்டும் பிரித்து எண்ணிப் பாருங்கள். எக்செலில் ரைட் ஃபங்ஷன் போதும், காசு செலவில்லாத சோதனை.

கையால் பம்ப் செய்யும் கருவியில் கோடுகள் 2 மி.மீ. (பாதரச அளவு) இடைவெளியில் இருக்கும். ஆகவே 0, 2, 4, 6, 8 ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 சதவீதம் வர வேண்டும். பாதிக்கு மேல் 0 என்றால், அளந்தவர் பக்கத்தில் உள்ள பத்துக்கு மாற்றி எழுதுகிறார் என்று சந்தேகப்படலாம். 138 இருப்பவர் 140 ஆகி, உயர் ரத்த அழுத்தப் பட்டியலில் ஏறிவிடுவார். பின்னால் எந்த மென்பொருளாலும் இதைச் சரிசெய்ய முடியாது. அளந்தவர் வாரியாக எண்ணினால் யாருக்கு மறுபயிற்சி தேவை என்று தெரிந்துவிடும். முன்னோட்ட ஆய்விலேயே செய்துவிடுங்கள்.

அப்புறம், கணியம்பாடி வெயிலில் நடந்து வந்த பாட்டியை 5 நிமிடம் சாய்ந்து உட்கார வைக்காமல் கஃப் (கையில் சுற்றும் பட்டை) கட்டாதீர்கள். "காபி குடிச்சீங்களா பாட்டி?" என்றும் கேளுங்கள். குடித்திருந்தால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். டிஜிட்டல் கருவியில் இலக்கப் பிரச்சினை குறைவு, ஆனால் கஃப் அளவு கைக்குப் பொருந்தாவிட்டால் அதுவும் தப்பாகத்தான் காட்டும்.