கியூப்சாட் பேட்டரி தாங்குமா? பைத்தான்ல ஒரு குட்டி சிமுலேஷன்

பைத்தான்ல லூப் எழுதத் தெரியும், ஆர்பிட்னா என்னனு தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன். 500 கிமீ உயரத்துல சுத்துற 1யூ கியூப்சாட் (பக்கத்துக்கு 10 செமீ இருக்கற கியூப் வடிவ குட்டி சாட்டிலைட்), ஆறு முகம், முகத்துக்கு ரெண்டு சோலார் செல், 10 வாட்-அவர் பேட்டரி.

எடுத்தவுடனே சிமுலிங்க்ல (படம் வரைஞ்சு சிமுலேஷன் ஓட்டுற சாஃப்ட்வேர்) சர்க்யூட் வரைய உக்காராதீங்க. லோடு இழுக்கற கரண்ட் வோல்டேஜ பொறுத்தது, வோல்டேஜ் கரண்ட பொறுத்தது, கடைசில அல்ஜிப்ராயிக் லூப்னு கத்திட்டு நிக்கும். பைத்தானோட நம்பை (கணக்குக்கு), மேட்பிளாட்லிப் (கிராஃபுக்கு) ரெண்டு லைப்ரரியும் போதும், வோல்டேஜ தொடவே வேணாம், வாட்-அவர் கணக்கு மட்டும் ஓட்டுங்க.

1. நிழல்: பூமி ஆரம் 6378 கிமீ, அத 6878 ஆல வகுத்து ஆர்க்சைன் எடுத்தா 68 டிகிரி. ரெண்டு பக்கமும் சேத்து 136, அதாவது 94.6 நிமிஷ சுத்துல கிட்டத்தட்ட 36 நிமிஷம் இருட்டு.

2. வரவு: செல் 30 சதுர செமீ, எஃபிஷியன்சி 30%, வெயில் சதுர மீட்டருக்கு 1361 வாட். நேரா பட்டா முகத்துக்கு 2.45 வாட். ஆறால பெருக்கிடாதீங்க! உருண்டுக்கிட்டே போற கியூபுக்கு சராசரியா ஒன்றரை முகத்துக்கான வெயில்தான் கிடைக்கும். கன்வர்ட்டர் 15% சாப்பிட்டது போக 3.1 வாட்.

3. செலவு: எப்பவும் 1.2 வாட், டிரான்ஸ்மிட்டர் ஆன்ல இருந்தா அதுக்கு மேல இன்னொரு 4 வாட்.

4. பேட்டரி: இங்கதான் நிதானமா போகணும். 10 செகண்ட் ஸ்டெப்:

மிச்சம் = (வரவு - செலவு) * 10 / 3600

(பைத்தான் 3ல வேரியபிளுக்கு தமிழ்லயே பேர் வைக்கலாம், ஓடும்.) அந்த 3600 விட்டுப்போனா வாட்-செகண்ட வாட்-அவர்னு நினைச்சு பேட்டரி ஒரே ஸ்டெப்ல நிரம்பிடும். மிச்சம் பிளஸ்ல இருந்தா 0.9 ஆல பெருக்குங்க, சார்ஜ் ஏத்துறப்ப போற இழப்பு அது, மைனஸ்னா அப்படியே கழிங்க, பேட்டரி 10க்கு மேல போனா 10லயே நிறுத்துங்க.

இந்த 0.9 என்ன பண்ணும்னு பாருங்க. டிரான்ஸ்மிட்டர நிழல்ல 16 நிமிஷம் ஓட்டுறோம்னு வைங்க. சுத்துக்கு வரவு 3.04 வாட்-அவர், செலவு 2.96, பேப்பர்ல லாபம். ஆனா நிழல்ல 1.78 வெளிய போகுது, வெயில்ல திரும்ப ஏறறது 1.68தான், சுத்துக்கு 0.1 குறையுது, ஒரு நாளைக்கு 15 சுத்து, ஒரு வாரம் கூட தாங்காது. அதனால ஒரே ஒரு ஆர்பிட் ஓட்டிட்டு ஓகேனு சொல்லாதீங்க, குறைஞ்சது ஒரு நாள் ஓட்டி கிராஃப்ல பள்ளங்களோட அடி ஒரே மட்டத்துல இருக்கானு பாருங்க. அதே டிரான்ஸ்மிட்டர வெயில் நேரத்துக்கு மாத்தினா இழப்பு பாதியா குறையும், ஆனா நிக்காது, அப்பவும் சுத்துக்கு 0.05 வாட்-அவர் குறையும்.

அப்டேட்: பீட்டா ஆங்கிள் (ஆர்பிட் தளத்துக்கும் சூரியன் இருக்கற திசைக்கும் நடுவுல உள்ள கோணம்) சேத்தா நேன் (NaN, அதாவது 'நம்பரே இல்ல') வருதுனு கேட்டிருந்தீங்க. பீட்டா 68 டிகிரிய தாண்டினா அந்த உயரத்துல நிழலே கிடையாது, பீட்டா சேத்த நிழல் ஃபார்முலால வர்ற ஆர்க்-காஸுக்குள்ள 1க்கு மேல போயிடும். உள்ள போற மதிப்ப 1ல கிளிப் பண்ணிட்டா நிழல் சரியா பூஜ்யம்னு வந்துடும்.