பின்சக்கர ஹப் பேரிங்கை மாற்றிய அனுபவம்

மலைப்பாதை சைக்கிளின் பின்சக்கர ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஆடியது. ஆக்சிலை (சக்கரத்தின் நடு அச்சு) விரலால் சுழற்றினால் மணல் அரைபடுவது போல நெறநெறப்பு. சரி, ஹப் பேரிங் (சக்கரத்தின் நடுக்குடத்தில் ஆக்சிலைத் தாங்கும் குண்டு வளையம்) தேய்ந்துவிட்டது.

பிரேக் டிஸ்க்கையும் ஃப்ரீஹப்பையும் (பின் பற்சக்கரங்கள் மாட்டும் உருளை) எடுத்தபின், ரப்பர் சுத்தியலால் ஆக்சிலைத் தட்டியதும் ஒரு பேரிங் அதோடு வந்தது. மற்றதை உள்ளிருந்து சுற்றிச் சுற்றித் தட்டி எடுத்தேன். பேரிங்கை மூடியிருக்கும் சீலில் 6902-2ஆர்எஸ் என்றிருந்தது: உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் சீல். சேற்றில் ஓட்டுபவர்கள் வேறெதையும் வாங்க வேண்டாம்.

புதியதைப் பொருத்துவதில்தான் நிதானம் வேண்டும். சுத்தியலைத் தொடவே இல்லை. நீளமான போல்ட், நட்டு, வாஷர், வாஷருக்கும் புதிய பேரிங்குக்கும் நடுவில் பழைய பேரிங் வைத்து மெல்ல இறுக்கினேன். அழுத்தம் வெளி வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். உள் வளையத்தில் விழுந்தால் குண்டுகள் வழியாகப் பாய்ந்து அவை ஓடும் தடத்தில் பள்ளம் விழும். புதுப் பேரிங் அன்றே வீண். இரண்டாவதை இறக்கும்போது அடிக்கடி ஆக்சிலைச் சுழற்றிப் பார்த்தேன். அதிகமாக அழுத்தினால் இறுகிவிடும்.

அப்புறம் ஃப்ரீஹப்பின் ராட்செட்டுக்கு (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பற்கள்) மெல்லிய கிரீஸ். இப்போது சக்கரத்தில் ஆட்டமே இல்லை.