மூன்றாம் பாகத்தில் தம்பி காணாமல் போக வேண்டும்

ஐந்து பாகமாக ஓடும் குடும்ப சாகச நாடகம் ஒன்றை வானொலிக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாகம் தானாக வந்துவிடும், கடைசிப் பாகமும் ஆரம்பத்திலேயே மனதில் இருக்கும். ஆள் மாட்டிக்கொள்வது மூன்றாவதில்தான். நான் முதன்முதலில் எழுதிய மூன்றாம் பாகத்தில் எல்லோரும் நடந்தார்கள், பயந்தார்கள், மறுபடி நடந்தார்கள். அதை அப்படியே தூக்கி எறிந்துவிட்டு இரண்டாம் பாகத்தை நான்காம் பாகத்தோடு ஒட்டியிருந்தாலும் கேட்பவருக்கு எதுவும் குறைந்திருக்காது. உங்கள் பாகத்தையும் முதலில் இப்படி எடுத்துப் பாருங்கள். கதை அறுபடவில்லை என்றால் நீங்கள் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

என் கதையையே எடுத்துக்கொள்கிறேன். கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றுக்குள் தாத்தா, அம்மா, பன்னிரண்டு வயது மலர், ஏழு வயது கவின். இரண்டாம் பாகம் முடியும்போது மரப்பாலம் உடைந்து வந்த வழி அடைபட்டுவிட்டது. மூன்றாவது எங்கே தொடங்கும்?

"இதுவரை நடந்தது" என்று அறிவிப்பாளர் ஒரு நிமிடம் வாசிப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நேற்று கேட்டவருக்கு அது சலிப்பு. இன்றுதான் கேட்க வந்தவருக்கோ பெயர்களின் கூட்டம், ஒன்றும் மனதில் நிற்காது. முன்கதையை ஒரு வேலைக்குள் வையுங்கள். நான் பையில் மிச்சமிருப்பதை எண்ண வைத்தேன்:

அம்மா: பையில என்னடா இருக்கு? எண்ணிச் சொல்லு.
கவின்: ஒரு டார்ச்சும்மா. தண்ணி அரை பாட்டில். கயிறு... கயிறு இல்லம்மா.
மலர்: பாலத்தோட போச்சு. தாத்தாதான் அறுத்து விட்டாரு.
தாத்தா: அறுக்கலைன்னா நாமளும் போயிருப்போம்மா.

நான்கே வரி. யார் யாருக்கு என்ன உறவு, என்ன இழந்தார்கள், யார்மேல் யாருக்குக் கோபம் என்பதெல்லாம் வந்துவிட்டது. பழைய கதையைத் தெரிந்தவர்களும் கேட்பார்கள், ஏனென்றால் மலரின் கோபம் புதியது.

அடுத்தது, திரும்பப் பெற முடியாத ஒரு மாற்றம். நடுப்பாகத்தில் சின்னச் சின்ன ஆபத்துகளை அடுக்கிக்கொண்டே போகத் தோன்றும்: ஒரு பாம்பு, ஒரு பள்ளம், கொஞ்சம் வெள்ளம். ஒவ்வொன்றிலிருந்தும் தப்பித்த பிறகு ஆட்கள் பழைய நிலைக்கே வந்து நிற்பார்கள். ஒன்றே ஒன்று போதும், ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் தேடுவது வேறாகிவிட வேண்டும். என் கதையில் முதல் இரண்டு பாகங்களும் வெளியே போகும் வழியைத் தேடுகின்றன. மூன்றாவது முடியும்போது வெளிச்சம் தெரியும் வாசல் எதிரிலேயே இருக்கிறது. ஆனால் அவர்கள் திரும்பி உள்ளே போகிறார்கள். ஏன் என்பதுதான் பாகம் முழுவதும்.

அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் அக்கா மகன். எழுதியதை விளக்கை அணைத்துவிட்டு அவனுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தி, "கவின் இன்னும் அங்கதான் இருக்கானா, மாமா?" என்றான். புரட்டிப் பார்த்தேன். மூன்று பக்கமாகக் கவினுக்கு வசனமே இல்லை. மேடையில் பேசாமல் நிற்பவரைக் கண் பார்த்துக்கொண்டே இருக்கும். வானொலியில் பேசாதவர் அந்த இடத்திலேயே இல்லை. சாதாரண நாட்களில் இது பிழை. ஒரு காட்சியில் நான்கு பேருக்கு மேல் வைக்காதீர்கள், ஒவ்வொருவரும் இருமவாவது செய்யட்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் அன்று இரவு எனக்குத் தோன்றியது, இந்தப் பிழையையே கதையாக்கலாம் என்று. அம்மாவும் தாத்தாவும் வாக்குவாதம் செய்கிறார்கள். இந்தச் சுரங்கத்துக்குள் தாத்தா முன்பே வந்திருக்கிறார் என்பது வெளிவருகிறது. வாக்குவாதம் சூடாக இருக்க வேண்டும், கேட்பவர் முழுதாக அதில் இருக்க வேண்டும். கவினின் கடைசி வசனம் சாதாரணமாக இருக்கட்டும், "அக்கா, அங்க தண்ணி சொட்டுது" என்பது போல. பிறகு இரண்டு நிமிடம் அவன் குரல் இல்லை. திடீரென மலர்: "அம்மா... தம்பி எங்க?" கேட்டுக்கொண்டிருந்தவரும் அவனை மறந்துவிட்டார். அந்தக் குற்ற உணர்ச்சி அவருக்கும் வருகிறது. படம் காட்டும் எந்தக் கலையாலும் இதை இப்படிச் செய்ய முடியாது.

ஒலியை இதற்கேற்பத் திட்டமிடுங்கள். நான்கு பேரின் காலடி வேறுவேறாகக் கேட்க வேண்டும். தட்டில் சரளைக்கல் பரப்பி, சிறுவனுக்கு வேகமான சின்ன அடிகள் வையுங்கள். வாக்குவாதம் தொடங்கும்போது அந்தச் சின்ன அடிகள் மட்டும் மைக்கிலிருந்து விலகிப் போய் நிற்கட்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள். மறுமுறை கேட்பவர் கவனிப்பார், அவருக்காகத்தான் அது. தீ எரிவதற்குக் கண்ணாடித்தாளை மெல்லக் கசக்கலாம், பறவையோ வௌவாலோ சிறகடிக்கத் தோல் கையுறைகளை உதறலாம். இவையெல்லாம் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஒரு காட்சிக்கு ஒன்றிரண்டு போதும். இருட்டு உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. 1924 ஜனவரியில் பிபிசி ஒலிபரப்பிய, வானொலிக்கென்றே எழுதப்பட்ட நாடகம் நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைவதோடுதான் தொடங்குகிறது. கதையில் இருப்பவர்களும் கேட்பவர்களும் ஒரே இருட்டில் இருந்தார்கள்.

"தம்பி எங்க?" என்ற கேள்விக்குப் பிறகு மூன்று விநாடி மௌனம் விடுங்கள். அந்த மௌனத்திலும் தண்ணீர் சொட்டும் ஓசை தொடரட்டும். முழு மௌனமாக இருந்தால் ஒலிபரப்பு நின்றுவிட்டதாக நினைத்து வானொலிப் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள்.

இது குடும்பம் சேர்ந்து கேட்கும் நாடகம், ஏழு வயதுக் குழந்தையும் கேட்கும். அடுத்த பாகம் வரும்வரை அந்தக் குழந்தை இந்தப் பயத்தோடு தூங்க வேண்டும். ஆகவே அலறலில் முடிக்காதீர்கள். நான் முதலில் கவினின் அலறலோடு முடித்திருந்தேன். அக்கா மகன் அன்று விளக்கை அணைக்க விடவில்லை. மாற்றி எழுதினேன். அம்மா கூப்பிடுகிறாள், பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறாள். வெகு ஆழத்திலிருந்து டார்ச்சால் பாறையைத் தட்டும் ஓசை: மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. அவன் உயிரோடு இருக்கிறான், புத்தியோடு இருக்கிறான். எப்படி அங்கே போனான் என்பதுதான் தெரியாது. பயம் ஆர்வமாக மாறிவிடுகிறது. வாசலை விட்டுவிட்டு அவர்கள் உள்ளே திரும்பும் காலடிகள், இப்போது மூன்று பேருடையவை மட்டும். அதன்மேல் முடிவிசை.

நேரக் கணக்கை மறக்க வேண்டாம். பதினைந்து நிமிடத்தில் தொடக்க இசை, அறிவிப்பு, முடிவிசை எல்லாம் போக நாடகத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம்தான் கிடைக்கும். கண்ணால் படித்துக் கணக்கிடாதீர்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மௌனங்களையும் விட்டு, சத்தமாக வாசியுங்கள். எனக்கு முதல் வாசிப்பில் பதினேழு நிமிடம் வந்தது. வெட்டியதில் பெரும்பகுதி தாத்தாவின் விளக்கங்கள். அவர் ஏன் முன்பு வந்தார் என்பதைப் பாதியில் நிறுத்தி, மீதியை நான்காம் பாகத்துக்கு எடுத்து வைத்தேன்.