குடும்ப ஜெபம் பாதியில் நிற்காமலிருக்க

பெரும்பாலும் நீளம்தான் காரணம். 15 நிமிடம் போதும்: கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும், பைபிளில் அரை அதிகாரம் வாசிப்பு, ஆளுக்கு ஒரு வரி ஜெபம். முதல் புத்தகமான ஆதியாகமத்தில் தொடங்கும் வீடுகள், சட்டங்கள் நிறைந்த மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் சோர்ந்துவிடும். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், ஏறக்குறைய ஒரு மாதம். பிள்ளைகளே வாசிக்கட்டும், உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வைத்துவிடுங்கள். பிறகென்றால் சின்னதுகள் தூங்கிவிடும்.

ஞாயிறன்று மட்டும் ஆலயத்தில் கேட்ட பிரசங்க வசனத்தை எடுத்து, "இந்த வாரம் இதில் எதைச் செய்யலாம்?" என்று கேளுங்கள். "அன்பா இருக்கணும்" என்ற பதிலோடு விடாதீர்கள். யாரிடம், எப்போது என்பதுவரை வரவேண்டும். அடுத்த ஞாயிறு அதை விசாரியுங்கள், அப்பா அம்மாவும் பதில் சொல்லவேண்டும்.

"ஆண்டவரே, இவன் படிக்கவே மாட்டேங்கிறான்" என்று ஜெபத்துக்குள் திட்டாதீர்கள். மறுநாள் அவன் அந்த நேரத்துக்கு ட்யூஷன் கேட்டு வாங்கிக்கொள்வான்.