டர்போ காருக்கு எந்த பெட்ரோல் போடுவது?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் யார் டர்போ கார் வாங்கினாலும் இரண்டாவது வாரமே வந்து கேட்பார்கள்: "அண்ணா, நூறு போடலாமா?" நூறு என்றால் எக்ஸ்பி100, இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல். சாதாரண பெட்ரோலைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விலை. முதலில் டேங்க் மூடியைத் திற என்பேன். உள்பக்க ஸ்டிக்கரில் ஆக்டேன் எண் 91 போட்டிருக்கிறதா, 95-ஆ, 98-ஆ? முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்ததே இல்லை.

நானும் பார்த்ததில்லை. என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 1.8 லிட்டர் டர்போ. அப்போது பங்கில் கிடைத்த சாதாரண பெட்ரோல் 91 ஆக்டேன். அதையே நிரப்பி, நாலு பேரோடு நந்தி மலை ஏறினேன். வளைவு முடிந்து கியர் குறைக்காமல் மிதித்ததும் பானெட்டுக்குள் கிலுகிலுவென்று ஒரு சத்தம். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அது. ஸ்டிக்கரில் 95 இருந்ததை மேலே போய்த்தான் பார்த்தேன்.

ஆக்டேன் கூடினால் சக்தி கூடும் என்பது தப்புக் கணக்கு. அழுத்தத்திலும் சூட்டிலும் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண் அது. டர்போ எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதால் தாக்குப்பிடிக்கிற பெட்ரோல் வேண்டும். தாங்காவிட்டால் வருவதுதான் அந்தக் கிலுகிலு சத்தம், அதாவது நாக். அதை நாக் சென்சார் கண்டுபிடித்து, ஸ்பார்க் பொறி விழும் நேரத்தைத் தாமதமாக்கும். சத்தம் நின்றுவிடும், இழுவையும் போய்விடும். 91 கேட்கிற வண்டிக்கு 100 ஊற்றினால் பர்ஸ்தான் இளைக்கும். ரீமேப், அதாவது சக்தி கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றியிருந்தால், கதை வேறு. செய்தவர் எந்த எண்ணுக்கு டியூன் செய்தாரோ அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

யூடியூபில் அமெரிக்கக்காரர் 91 போடு என்றால் குழம்ப வேண்டாம். அவர்கள் கணக்கே வேறு, அந்த 91 நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 95.

இப்போது வருகிற இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தரநிலையே குறைந்தது 95. அதனால் ஸ்டிக்கர் 95 என்றால் முதலில் சாதாரணத்தையே இரண்டு டேங்க் ஓட்டிப் பாருங்கள். இ20 போடலாமா என்று மட்டும் மானுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனாலுக்குப் பயந்து எக்ஸ்பி95 வாங்குவதில் பயனில்லை, அதிலும் எத்தனால் உண்டு.

சோதனையை பெங்களூரு குளிரில் செய்து திருப்திப்படாதீர்கள். மே மாதம் சென்னைக்குப் போகும்போது, வேலூர் வெயிலில், ஆள் நிறைய ஏற்றி, மேல் கியரில் மிதித்துப் பாருங்கள். அங்கே சத்தமும் இல்லை, இழுவையும் குறையவில்லை என்றால் வேறெங்கும் பயமில்லை.

பங்க் விஷயம் ஒன்று. கூட்டமில்லாத இடத்தில் விலை கூடிய பெட்ரோல் நாள்கணக்கில் தேங்கும்; ஓட்டமுள்ள பங்காகப் பாருங்கள். சந்தேகம் வந்தால் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் ஆவியாக வேண்டும். பில்லையும் வாங்குங்கள். ஒருமுறை 95 கேட்டேன், பையன் பேச்சு சுவாரசியத்தில் சாதாரணத்தை 40 லிட்டர் நிரப்பிவிட்டான். பில்லைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.