முகமூடிக்குள் ஒரு பள்ளி மாணவன்: சித்திரக்கதை சறுக்கும் இடங்கள்

இரவில் முகமூடி, பகலில் வகுப்பறை. பதின்ம வயது சூப்பர் ஹீரோவை வைத்துச் சித்திரக்கதை எழுதத் தொடங்குபவர்கள் சண்டைக் காட்சிகளுக்கே உழைப்பைக் கொட்டுகிறார்கள். பள்ளியும் வீடும் அடுத்த சண்டை வரும்வரை பக்கம் நிரப்பும் சரக்காகிவிடுகின்றன. இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

1963இல் வந்த 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' முதல் இதழைப் பாருங்கள். வீட்டில் பணத்தட்டுப்பாடு. ஸ்பைடர்மேனாக உலவும் பள்ளி மாணவன் பீட்டர் பார்க்கர் மேடையேறி வித்தை காட்டிச் சம்பாதிக்கிறான். காசோலையோ ஸ்பைடர்மேன் பெயரில் வருகிறது. முகமூடியோடு வங்கிக்குப் போனால், அடையாள அட்டை கேட்கிறார்கள். உடையைக் காட்டுகிறான், அதை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமே என்கிறார் ஊழியர். வில்லன் இல்லை, அடிதடி இல்லை. ஒரு காசோலையில் இரண்டு வாழ்க்கையும் முட்டி நிற்கின்றன. எனக்கு அந்த இதழில் மிகவும் பிடித்த இடம் அது.

அடுத்தது, எந்த விலையும் கொடுக்காமல் தப்பிக்கும் பொய். தோழியின் பிறந்தநாளுக்கு நாயகன் வரவில்லை. இரண்டு பக்கம் தள்ளி அவள் சிரித்துப் பேசுகிறாள். பிறகு அந்த ரகசியத்தைக் காப்பாற்றினால் என்ன, விட்டால் என்ன? யாரிடம் என்ன பொய் சொன்னான் என்று தனியாக ஒரு தாளில் எழுதி வாருங்கள். ஒவ்வொரு பொய்யும் பின்னால் எங்காவது திரும்பி வர வேண்டும்.

ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதற்காகச் சுற்றியிருப்பவர்களை முட்டாள்களாக்குவதை என்னால் மன்னிக்கவே முடிவதில்லை. தினமும் மகனைப் பார்க்கும் தாய்க்கு முழங்கைக் காயம் கண்ணில் படாதா? படட்டும். கிழிந்த சட்டைக் கையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சிறிய படக் கட்டத்தில் ஊசி பிடித்த விரல்கள் மட்டும். துணியில் காய்ந்த இரத்தம். அடுத்த கட்டத்தில் ஊசி நின்றுவிட்டது. வசனம் எதுவும் வேண்டாம். மூன்றாவது கட்டத்தில் மறுபடி தைக்கிறாள். அவள் அறிந்துகொண்டாளா என்று வாசகர் பதறுவார்.

இந்த இடத்தில், மனதில் ஓடுவதை எழுதும் எண்ணக் குமிழியைத் தலைக்கு மேல் போட்டு அவள் சந்தேகத்தை எழுதிக் காட்டினால் காட்சி செத்துவிடும்.

தேர்வையும் வீட்டுச் சண்டையையும் சக்தியால் தீர்க்கவே கூடாது.

கடைசியாக, முகமூடி கழலும் காட்சி. பலர் அதோடு இதழை முடித்துவிட்டு, அடுத்த இதழில் புதிய வில்லனைக் கொண்டுவருகிறார்கள். உண்மை தெரிந்த மறுநாள் காலை, நண்பன் வகுப்பில் வழக்கமான இடத்தில் உட்காராமல் இரண்டு வரிசை தள்ளி உட்காருகிறானே, அந்தப் பக்கத்தை வரையுங்கள்.