மதகைத் திறந்தால் போதுமா? ஏரி நீரை இறக்கும்போது நடக்கும் தவறுகள்

சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரியிலோ செம்பரம்பாக்கம் ஏரியிலோ ஷட்டர் பழுது, மதகு மராமத்து, அதற்காக நீரை இறக்க வேண்டும் என்று பேச்சு வந்தால் சென்னையில் முதலில் எழும் கேள்வி, "அவ்வளவு தண்ணியும் வீணாப் போயிடுமா?" என்பதுதான். 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்த ஊருக்கு அந்தப் பதற்றம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் எத்தனை மில்லியன் கனஅடி போகிறது என்பதை மட்டும் பார்ப்பது முதல் தவறு. நீர் என்ன வேகத்தில் இறங்குகிறது, கடைசியில் அதோடு சேர்ந்து எது வெளியே போகிறது என்பதில்தான் சேதமே இருக்கிறது.

அளவுக்காவது வழி உண்டு. பூண்டி நீரைக் கால்வாய் வழியே சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்குத் திருப்பலாம். கோடையில் அங்கே இடமிருக்கும். வேலையைத் தள்ளிப் போட்டு, வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஏரியை இறக்கினால் அந்த வசதி போய்விடும். கொசஸ்தலையாற்றில் விடும் நீர் எண்ணூரில் கடலைத்தான் சேரும்.

வேகத்துக்கு வருவோம். நம் ஏரிக்கரைகள் பெரும்பாலும் மண்கரைகள். ஏரி நிரம்பியிருக்கும்போது கரையின் உட்பக்க மண் நன்றாக ஊறியிருக்கும். எதிரே நிற்கும் நீரின் அழுத்தம்தான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். ஏரி நீரை மளமளவென இறக்கினால், மண்ணுக்குள் இருக்கும் நீர் அதே வேகத்தில் வடியாது. தாங்கிய அழுத்தம் போய்விடும், உள்ளழுத்தம் அப்படியே நிற்கும். சரிவு வழுக்கி ஏரிக்குள் இறங்கும். கலிபோர்னியாவின் சான் லூயிஸ் மண் அணையில் 1981இல் நீர்மட்டம் பெரிதாக இறங்கிய பிறகு உட்பக்கச் சரிவு பெயர்ந்தது இப்படித்தான். மராமத்துக்கென்று இறக்கி, புதிதாக ஒரு மராமத்தைத் தேடிக்கொள்ளக் கூடாது. தினமும் எவ்வளவு இறக்கலாம் என்ற வரம்பைப் பொறியாளர்கள் முன்பே கணக்கிட்டு, கரையைக் கண்காணித்துக்கொண்டே இறக்க வேண்டும். மட்டியும் நத்தையும் நீரோடு நகரவும் அந்த நிதானம் தேவை. ஆற்றுக்கு விடும் நீரைத் திடீரென நிறுத்துவதும் கெடுதல்தான். குட்டைகளில் மாட்டிக்கொண்ட மீன்கள் வெயிலில் செத்து மிதக்கும்.

பெரிய தவறு கடைசிச் சில அடிகளில் நடக்கிறது. செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. அடித்தட்டில் இருக்கும் நீரின் அளவு அதில் சொற்பம்தான். ஆனால் பல ஆண்டு வண்டல், மக்கிய இலைதழை, பாசி, காற்றே படாத கறுப்புச் சேறு எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. அடி மதகை முழுசாகத் திறந்தால் இந்தச் சேறு கலங்கி ஆற்றில் இறங்கும்; மக்கும் பொருள்கள் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிட, மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். செம்பரம்பாக்கத்து நீர் போய்ச் சேரும் அடையாறு, சாக்கடை கலந்து ஏற்கெனவே திணறுகிறது; அதற்கு இது இன்னும் ஒரு பாதிப்பு. ஜப்பானில் குரோபே ஆற்றின் தாஷிதைரா அணையில் 1991இல் முதன்முறையாக வண்டலை வெளியேற்றியபோது, அழுகி நாறிய கறுப்புச் சேறு தொயாமா விரிகுடா வரை போய் மீனவர்களோடு பெரிய தகராறானது. பிறகு ஆற்றில் வெள்ளம் ஓடும் காலத்தோடு சேர்த்தே அங்கே வண்டலை வெளியேற்றத் தொடங்கினார்கள்.

குடிநீருக்கும் இதே சிக்கல்தான். அடிநீரில் இரும்பு, மாங்கனீசு, அம்மோனியா கூடுதலாக இருக்கும். சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரினை ஏற்ற வேண்டிவரும், வாடையும் வரும். அதனால் கடைசித் துளி வரை வடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். வேலை நடக்கும் மதகைச் சுற்றித் தற்காலிக மண்கரை போட்டு நீரை இறைத்துவிட்டு, ஏரியின் ஆழமான இடத்தில் ஒரு மடுவை விட்டுவைக்கலாம். பலநேரம் அதுவே போதும்.

அந்த மடு இல்லாவிட்டால் கெண்டையும் விராலும்தான் முதலில் அடிபடும் என்று நினைப்போம். விரால் காற்றைச் சுவாசிக்கும், கொஞ்சம் தாங்கும். கெண்டை தாங்காது. அதைவிட மோசம், அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி ஏரியில் இருந்தால் சேற்றிலும் பிழைத்துக் கிடக்கும். மதகு வழியே கீழ் ஏரிகளுக்கும் பரவும். மதகில் வலை கட்டாமல் திறப்பது இந்தக் காரணத்துக்காகவே தவறு.

நீர் வற்றும் ஏரியில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் கூட்டமாக இறங்கும். படம் எடுப்பவர்களுக்குக் கொண்டாட்டம். "பார், பறவைகளுக்கு நல்லதுதானே" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நெருக்கியடித்துக் கிடக்கும் மீனைத் தின்ன வந்த கூட்டம் அது, தீர்ந்ததும் கிளம்பிவிடும். குஞ்சுகளுக்கு இரை தேடும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் இப்படி நடந்தால் பாதிப்பு அதிகம்.

வெறும் தரையாகக் கிடக்கும் படுகையைக் கண்டதும் சவுடு மண் லாரிகள் வரும். தூர்வாருவது நல்லதுதான், ஆனால் கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது. கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்டுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கும்.

வேலை முடிந்து நீர் நிரம்பியதும் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். காய்ந்த வண்டல் மறுபடி நனையும்போது பாஸ்பரசும் நைட்ரஜனும் நீரில் கரையும். அந்த ஆண்டு ஏரி பச்சையாகப் பாசி பூக்க வாய்ப்பு அதிகம். மீன் குஞ்சு விடுவதற்கு முன் நீரின் ஆக்சிஜனை விடியற்காலையில் அளக்க வேண்டும். பகலில் பாசியே ஆக்சிஜனை வெளியிடுவதால், மதியம் எடுக்கும் அளவு எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும்.